பொலி கேம்ஸின் ஆறு விநாடி

2004ஆம் ஆண்டு மார்ச் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு, நிவித்திகலப் பக்கத்துப் பலாங்கந்தைத் தோட்டத்து ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த மல்லிகாவின் கூடைக்குள் மேலேயிருந்து ஒரு பிடி கொழுந்து விழுந்தது. அவள் போட்டதல்ல, அவள் கை இரண்டும் செடிமேல் இருந்தன. பக்கத்து நிரைக்காரிகள் போட்டதும் அல்ல. தன் கூடையே நிறையாதபோது அடுத்தவள் கூடைக்கு யார் போடுவார்கள்? இரண்டு இலையும் ஓர் அரும்புமாக, முத்தல் ஒன்றுகூட இல்லாத சுத்தமான பிடி. அன்று மாலைக்குள் நாற்பத்தொரு தடவை விழுந்தது, மறுநாள் எழுபது. நம்ப மாட்டோம் என்பவர்கள் தாராளமாக நம்பாமல் இருக்கலாம். அந்தக் கொழுந்தை நிறுவைக் கொட்டகையான மடுவத்தில் தராசில் போட்டு நிறுத்தவர் இராமசாமிக் கணக்கப்பிள்ளை. அவர் தன் மகள் கல்யாணத்திலேயே சிரிக்காத மனிதர்.

காரணம் பெல்மதுளைச் சந்தியில் இருந்த ஒரு கம்பெனி. பெயர் பொலி கேம்ஸ். வீடியோ கேம் செய்வதற்காக 2003 பெப்ரவரியில் தொடங்கப்பட்டு, ஒரு கேம்கூடச் செய்யாமல் 2004 நவம்பரில் மூடப்பட்டது. கம்பெனி என்றால் இரண்டே பேர். ஒருவன் ஹலீம் ஹாட்வெயார் முதலாளியின் மகன் இல்ஹாம், மலேசியாவில் இரண்டு வருடம் கொம்பியூட்டர் படித்துவிட்டு இரண்டு பெட்டியும் ஒரு பெரிய ஆசையுமாகத் திரும்பி வந்தவன். மற்றவன் மல்லிகாவின் தம்பி பிரதீபன். 1992இல் இவர்களுடைய அம்மா ஜெயம்மா காய்ச்சலில் போனபோது மல்லிகாவுக்கு வயது பத்தொன்பது, அவனுக்குப் பத்து. காரியம் முடிந்த மறுநாள் காலையிலேயே அம்மா தினமும் காலையில் வேலைக்குப் பேர் கொடுத்த பெரட்டுக் களத்தில் மல்லிகா போய் நின்றாள். தம்பியைப் படிக்க வைக்கப்போய் அவளுடைய கல்யாணம் தள்ளிப் போனது, தள்ளிப் போனது அப்படியே போய்விட்டது. யாராவது அதைப் பற்றி வாயெடுத்தால், "எனக்குத்தான் ஒரு புள்ள இருக்கானே, இன்னொன்னு பெத்து நான் எங்க வைக்க?" என்பாள். அந்தப் பிள்ளை படித்ததைவிட வரைந்தது அதிகம். ஹலீம் கடைக்கு போர்ட் எழுதப் போனவன் எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு சுத்தியல் வரைந்தான். அது இப்போது விழுமோ, சற்றுப் பொறுத்து விழுமோ என்று இருந்ததால் ஆட்கள் அந்த இடத்தில் மட்டும் ரோட்டில் இறங்கி நடந்தார்கள். அதைப் பார்த்துத்தான் இல்ஹாம் அவனை மேல்மாடிக்குக் கூப்பிட்டான்.

அவர்கள் செய்ய நினைத்தது பஸ் ஓட்டும் விளையாட்டு. பெல்மதுளையில் கிளம்பி தெரணியகலைக்குப் போய்ச் சேர வேண்டும். நடுவழியில் மாடு, வெள்ளம், கல்யாண ஊர்வலம், டிக்கட் எடுக்காமல் தூங்குகிற மாதிரி நடிக்கும் ஆட்கள். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் எந்தக் கேமும் தொடங்கும் முன்னால் திரையில் கம்பெனியின் லோகோ வர வேண்டும். அதை ஒரு வாரத்தில் முடித்துவிட்டு வேலையைப் பார்ப்போம் என்றான் இல்ஹாம். அங்கேதான் வந்தது வினை. தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறவர்கள் காலையில் மலையில் இறங்கி முதல் பிடியைக் கூடையில் போடும்போது 'பொலியோ பொலி' என்று சொல்லித்தான் போடுவார்கள். பெருகட்டும், நிறையட்டும் என்று அர்த்தம். வாய் குழறினால் திரும்பவும் ஒழுங்காகச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அன்றைய கூடை நிறையாது. இந்த வழக்கத்தில் பிறந்து வளர்ந்தவனிடம் போய், தொடக்கத்தை ஒரு வாரத்தில் முடி என்றால் முடிப்பானா? கம்பெனிக்கே பொலி என்று பேர் வைத்தவன் அவன்தான். ஆறு விநாடி ஓடுகிற அந்த லோகோவுக்கு அவன் பதின்மூன்று மாதம் எடுத்துக்கொண்டான்.

அந்தப் பதின்மூன்று மாதமும் ஞாயிற்றுக்கிழமைதோறும் மல்லிகா முதுகில் கூடையும் ஈரத்துணியில் சுற்றிய ஒரு பிடி கொழுந்துமாக பஸ் ஏறிப் பெல்மதுளைக்கு வந்தாள். படத்துக்கு அவள்தான் ஆள், குரலுக்கும் அவள்தான். குரல் எடுப்பதற்குக் கொழுந்து எதற்கு என்று இல்ஹாம் கேட்டதற்கு, "வெறுங்கையோட பொலி சொல்லக்கூடாதுங்க தம்பி, அது பொய் சொன்ன மாதிரி" என்றாள். ஜன்னலோரம் நிற்க வைத்துப் பக்கவாட்டில் படம் எடுத்தார்கள், நாற்காலிமேல் ஏற்றி எடுத்தார்கள். தோளுக்கு மேலாகப் பின்பக்கம் கொழுந்தை எறியச் சொல்லி இருநூறு தடவைக்கு மேல் எடுத்தார்கள். கீழே ஆணி நிறுத்துக்கொண்டிருந்த ஹலீம் முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "பிஸ்மி சொல்லவே ஒரு வருசமெண்டா சோறு தின்றது எப்படா?" என்று படியில் நின்று சத்தம் போட்டார். மேலேயிருந்து பதிலாக மல்லிகாவின் குரல் இன்னொரு தடவை பொலி சொன்னது.

லோகோ இப்படித்தான் வந்து முடிந்தது: பச்சை மலை, அதிலே ஒரு பெண். அவள் பொலியோ பொலி என்கிறாள், ஒரு பிடி பறிக்கிறாள், திரும்பிப் பார்க்காமல் தோளுக்கு மேலாக எறிகிறாள். கொழுந்து திரையின் மேல்விளிம்பைத் தாண்டி வெளியே போகிறது. மலையில் பொலி கேம்ஸ் என்ற எழுத்துகள் துளிர்க்கின்றன. வெளியே போன கொழுந்து எங்கே விழுகிறது என்று இல்ஹாம் கேட்டான். பிரதீபன் அதை வரைய மறந்திருந்தான். இனி அதற்கு இன்னொரு மாதமா என்று பயந்து இல்ஹாமும் விட்டுவிட்டான். கேம் இல்லாததால் லோகோவை மட்டும் ஆயிரத்து ஐந்நூறு சீடியில் போட்டு, 'விரைவில்' என்று உறையில் அச்சடித்து, கொழும்பில் ஒரு கண்காட்சிக்கு எடுத்துப் போனார்கள். கண்காட்சியில் முதல் ஆள் முதல் சீடியைப் போட்டுப் பார்த்த நேரம் மார்ச் ஒன்பது, காலை பத்தேகால். யாரோ எங்கேயோ அந்த லோகோவை ஓடவிட்ட ஒவ்வொரு தடவையும் அதிலிருந்து எறியப்பட்ட பிடி மல்லிகாவின் கூடையில் வந்து விழுந்தது, அவ்வளவுதான் சங்கதி.

இராமசாமிக் கணக்கப்பிள்ளை முதலில் களவு என்று நினைத்தார். ஒரு வாரம் அவள் நிரைக்குப் பின்னாலேயே நடந்தார். எட்டாம் நாள் அவர் கண்முன்னாலேயே ஒரு பிடி விழுந்தது. அதை எடுத்து விரித்தார், மோந்தார், காம்பை ஒடித்துப் பார்த்தார். "முத்தல் இல்ல. மேல இருந்து வந்தா என்னா, கீழ இருந்து வந்தா என்னா, கொழுந்து கொழுந்துதானே" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு தோட்டத்தில் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. கொஞ்ச நாள் பொறாமை இருந்தது, பிறகு கூடை சீக்கிரம் நிறைந்த நாட்களில் மல்லிகா பக்கத்துக்காரிகளின் நிரையில் போய்க் கைகொடுத்ததால் அதுவும் தணிந்தது.

நவம்பரில் ஹலீம் முதலாளி பீவீசி குழாய் வைக்க மேல்மாடியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். கம்பெனி முடிந்தது. இல்ஹாம் கடையில் உட்கார்ந்தான், பிரதீபன் கொழும்புக்குப் போய் ஒரு இன்டர்நெட் கடையில் சேர்ந்தான். ஊரெல்லாம் போன சீடிகள் கீறல் விழுந்து, தொலைந்து, முற்றத்துக் கொடிகளில் காக்காய் விரட்டத் தொங்கின. பிடிகள் குறைந்தன. 2006இல் நாளுக்குப் பத்து விழுந்தது, அடுத்த வருடம் நாலைந்து, கடைசியில் ஒன்றே ஒன்று. அந்த ஒன்று மட்டும் தினமும் காலை ஒன்பது பத்துக்குத் தவறாமல் விழுந்தது. அது பிரதீபன். கடையைத் திறந்ததும் முதல் கொம்பியூட்டரில் தன் சீடியைப் போட்டு அந்த ஆறு விநாடியைப் பார்த்துவிட்டுத்தான் அவன் வேறு வேலையில் கை வைப்பான். மலையில் பிடி விழுந்ததும் மல்லிகா, "தம்பி கட தொறந்துட்டான்" என்பாள். பக்கத்து நிரைக்காரிகள் அதை வைத்து மணி தெரிந்துகொள்வார்கள். போன் வாங்கித் தருகிறேன் என்று அவன் சொன்னபோது, "எதுக்குடா வீணா? நீ நல்லாருக்கது எனக்குத் தெரியுது" என்றுவிட்டாள்.

2008 ஏப்ரல் இருபத்திரண்டாம் தேதி பிடி விழவில்லை. ஒன்பதரை ஆனது, பத்தானது. மல்லிகா கூடையைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாள். பிறகு பாதி நிரையிலேயே வேலையை விட்டுவிட்டு மலையிறங்கி ஓடினாள். கொழும்பில் கடைக்காரர் போனில் சொன்னார்: விடியற்காலையில் அவன் தங்கியிருந்த இடத்தில் சோதனை, பொடியனைக் கொண்டுபோய்விட்டார்கள், எங்கே என்று தெரியாது, இனி இங்கே போன் எடுக்க வேண்டாம். யுத்தம் நடந்த அந்த வருடங்களில் தமிழ்ப் பெயரோடு கொழும்பில் தங்கியிருந்தால் அது நடக்கக்கூடிய காரியம்தான். மல்லிகா கேட்டது ஒரே கேள்வி: உயிரோடு இருக்கிறானா? அதைச் சொல்ல ஒருவரும் இல்லை.

அவளும் இல்ஹாமும் போகாத வாசல் இல்லை. கடையை வாப்பாவிடம் விட்டுவிட்டு ஒவ்வொரு தடவையும் இல்ஹாம் கூடவே வந்தான். மல்லிகாவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. சுற்றிலும் சிங்கள ஊர்களாக இருக்கும் நிவித்திகலப் பக்கம் பிறந்த யாருக்குத்தான் அது வராது? ஆனால் எந்தப் பாஷையில் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: அப்படி ஒரு பேர் இங்கே இல்லை. அவள் எங்கே போனாலும் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டே போனாள். பஸ்ஸில் சிரித்தார்கள். சோதனைச் சாவடிகளில் கூடைக்குள் கைவிட்டுத் துழாவி, ஒன்றும் இல்லாததால் விட்டார்கள். "அக்கா, வெறுங்கூடய ஏன் செமந்துட்டு?" என்று இல்ஹாம் ஒருநாள் கேட்டே விட்டான். "அவன் பேசுறது இதுலதான் தம்பி. வீட்டுல வச்சிட்டு வந்தா, அவன் கூப்புடுற நேரம் நான் இல்லாம போயிருவேன்" என்றாள். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். ஒன்பது மாதம் அந்தக் கூடையில் மேலேயிருந்து ஒரு இலைகூட விழவில்லை.

2009 ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை காலை பத்தரைக்கு விழுந்தது. மல்லிகா நடு மலையில் உட்கார்ந்துவிட்டாள். சற்று நேரத்தில் இன்னொன்று, பிறகு மூன்று சேர்ந்தாற்போல். அந்த ஒரு நாளில் பதினேழு பிடிகள். பிரதீபன் ஒரு நாளில் ஒரு தடவைதான் பார்ப்பான், அது அவளுக்குத் தெரியும். கொழுந்தில் ஃபினைல் வாடையும் பழைய ஃபைல் தூசியும் இருந்தன. அன்று பின்னேரமே பெல்மதுளைக்குப் போய் இல்ஹாமிடம் காட்டினாள். அவன் ஒரு கொழுந்தை எடுத்து மோந்து பார்த்தான். "சீடி அவன்ட பேக்ல ஈந்திருக்கும் அக்கா. எடுத்துப் போனவங்க இப்பதான் போட்டுப் பாக்குறாங்க" என்றான். பிறகு மெதுவாக, "பேக்க பாக்குறாங்கண்டா கேஸ் ஈக்கி. கேஸ் ஈந்தா ஆள் ஈக்கிறான்" என்றான். ஆள் இருக்கிறான் என்று கேட்டதும் மல்லிகா அந்தக் கடை நடுவிலேயே, வாளிகளுக்கும் மண்வெட்டிகளுக்கும் இடையில் நின்று அழுதாள்.

அடுத்த வாரம் முழுக்க அவர்கள் கொழும்பில் அலுவலகம் அலுவலகமாகப் போய்ப் பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள். மூன்றாவது இடத்தில் கீழ்மேசைக்காரர் பெரிய புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, அப்படி ஒரு பேர் இங்கே இல்லை என்றார். வேறு இடமும் மிச்சமில்லை, காலும் வரவில்லை, இருவரும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். பதினொரு மணிக்கு மேல்மாடியிலிருந்து ஒரு பெண்குரல் தெளிவாகக் கேட்டது: "பொலியோ பொலி!" மல்லிகாவின் குரல்தான் அது. மறுகணம் அவள் மடியில் இருந்த கூடையில் ஒரு பிடி கொழுந்து விழுந்தது. அவள் எழுந்தாள். "மாத்தயா, மேல பேசுறது நான்தான். நான் போய்ப் பாக்கணும்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் படியேறினாள். கீழ்மேசைக்காரர் கூடையைப் பார்த்தார், பிறகு உத்தரத்தைப் பார்த்தார், அவளை நிறுத்தத் தோன்றவில்லை.

மேலே கண்ணாடி போட்ட ஒரு அதிகாரி, நரைத்த தலை, மேசைமேல் இரண்டு அங்குலத் தடிமனில் ஒரு ஃபைல். ஃபைலில் இருந்ததெல்லாம் ஒரே கேள்வி. ஆறு விநாடிப் படம், அதில் அகராதியில் இருந்தும் புரியாத ஒரு சொல், உறையில் 'விரைவில்' என்ற அறிவிப்பு. விரைவில் என்ன? மீதி எங்கே? பிரதீபனிடம் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டிருந்தார்கள். மீதி இல்லை என்று அவனும் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தான். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? ஆனால் ஆறு விநாடிக்குப் பதின்மூன்று மாதம் செலவழித்ததாக அவன் சொன்ன இடத்தில், பொய் என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது.

அதிகாரி அவளையும் அதே கேள்வி கேட்டார். "மீதி இல்லைங்க மாத்தயா. தொடக்கமே சரியா வரணும்னுதான் அவ்வளவு காலம் எடுத்தான். எங்க வேலயில அப்பிடித்தான், பொலி சொல்லாம செடியில கை வைக்க மாட்டோம்" என்றாள் மல்லிகா. பிறகு கூடையை அவர் மேசைமேல் வைத்தாள், ஃபைலின் பக்கத்தில். "இப்ப போட்டுப் பாருங்க." அவர் போட்டார். திரையில் இளைய மல்லிகா பொலி சொன்னாள், பறித்தாள், எறிந்தாள். கொழுந்து மேசைமேல் இருந்த கூடையில் விழுந்தது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி போட்டார். மறுபடி விழுந்தது. பதினொரு தடவை போட்டார். பக்கத்து அறைக்காரர்கள் இரண்டு பேர் வந்து நின்றார்கள். அவருக்குக் கேகாலைப் பக்கம் தாய்வழியில் வந்த ஒரு சின்னத் தேயிலைத் தோட்டம் இருந்தது. ஒரு கொழுந்தை எடுத்து நகத்தால் காம்பைக் கிள்ளிப் பார்த்தார்.

"நல்ல கொழுந்து, நங்கி" என்றார், தங்கச்சி என்பதுபோல. "எந்த மலை?"

"ஏழாம் நம்பருங்க."

"உரம் போடுறாங்களா?"

"எங்க போடுறாங்க? பேருக்குத்தான்."

அவர் தலையாட்டினார். ஃபைலைத் திறந்து, மீதி என்ற இடத்தில், 'மீதி தேயிலைக் கொழுந்து, பரிசோதித்தேன், தரமானது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மல்லிகா மேசையைப் பிடித்துக்கொண்டாள். "உயிரோட இருக்கானா மாத்தயா?" என்று கேட்டாள். "இருக்கான். மெலிஞ்சுபோயிருக்கான்" என்றார் அவர். மற்றக் கையெழுத்துகளுக்கு இன்னும் பத்தொன்பது நாள் ஆனது, அந்தக் காலத்துக்கு அது விரைவுதான். இருபதாம் நாள் பிரதீபனை வாசலில் விட்டார்கள். பை கிடைத்தது, சீடி கிடைக்கவில்லை. அது ஃபைலோடு இருக்க வேண்டிய பொருள் என்றார்கள்.

பிரதீபன் தோட்டத்துக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடந்தான். பேச்சு இல்லை, பென்சிலைத் தொடவில்லை. சோறு போட்டால் தின்றான். தினமும் பின்னேரம் நாலரைக்கு மூலையில் இருந்த கூடையில் ஒரு பிடி கொழுந்து விழும். அந்தச் சத்தத்துக்கு அவன் உடம்பு தூக்கிப் போடும். யாரோ தன் ஃபைலைத் திறக்கிறார்கள் என்பதுதானே அதற்கு அர்த்தம்? மல்லிகாவும் முதல் வாரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாம் வாரம் கவனித்தாள்: ஒன்றுதான் விழுகிறது, நாலரைக்குத்தான் விழுகிறது, ஞாயிறும் பௌர்ணமிப் போயா விடுமுறையும் விழுவதில்லை. அவள் சிரித்துவிட்டாள். "அட பைத்தியமே, அது விசாரண இல்லடா. அந்தக் கண்ணாடி மாத்தயா வீட்டுக்குக் கெளம்ப முன்ன ஒருக்கா போட்டுப் பாத்துட்டுப் போறாரு. அவருக்கும் மனசுன்னு ஒன்னு இருக்காதா?" அவன் நம்பவில்லை. அவள் தினமும் நாலரைக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மே மாதம் இல்ஹாம் மேல்மாடியில் பீவீசி குழாய்களை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு ஆள் அனுப்பினான். பிரதீபன் போகவில்லை. ஜூனில் மறுபடி அனுப்பினான். ஜூலையில் ஒரு பின்னேரம், மழை விட்டிருந்தது. மல்லிகா வேலை முடித்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளே பிரதீபன் தரையில் குப்புறக் கிடந்து ஒரு தாளில் பஸ் வரைந்துகொண்டிருந்தான், முன் சக்கரம் முடிந்து பின் சக்கரம் பாதியில் இருந்தது. கூடையில் பிடி விழுந்தது. அவன் தலையைத் தூக்கவில்லை, பென்சிலும் நிற்கவில்லை.

"அக்கா, மாத்தயா கெளம்பிட்டாரு" என்றான். "தேத்தண்ணி ஊத்துங்க."

மல்லிகா ஈரக்காலோடு உள்ளே போய் அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.